கண்ணு, வர்ற பஸ் என்ன நம்பரு?

குடையைப் பார்த்ததுமே ஜெசிந்தாவின் கால் தானாக நின்றுவிட்டது. ஜமாலியா பஸ் ஸ்டாப்பில், கூரைக்குக் கீழே, நிழலிலேயே விரித்துப் பிடித்த கறுப்புக் குடை. காலை வேளையில் நிழலுக்குள் நின்றுகொண்டு குடை பிடிக்கிற ஆள் பெரம்பூர் வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள், அந்த அம்மாதான். இன்றைக்கு வரமாட்டார் என்று நினைத்துத்தானே வந்தாள். நினைக்கக்கூட இல்லை, வேண்டிக்கொண்டாள், வீட்டுப் படி இறங்கும்போதே மாதாவே இன்றைக்கு அந்த அம்மா வரக் கூடாது என்று. வேண்டுதலின் லட்சணத்தைப் பாருங்கள், ஒரு மனுஷி வேலைக்குப் போகக் கூடாது என்று மாதாவிடம் மனுப் போடுகிறவளை என்னவென்று சொல்வது. திரும்பிவிடலாம், ஓட்டேரி வரைக்கும் நடந்து அங்கே ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு எட்டு எடுத்தும் வைத்தாள். அப்புறம் அதுவும் அசிங்கமாகப் பட்டது. போகவும் இல்லை, ஸ்டாப்புக்குள் வரவும் இல்லை. பக்கத்தில் இன்னும் திறக்காத செருப்புக்கடையின் ஷட்டரோடு ஒட்டி நின்று, தோள்பையை முன்னால் இழுத்து மார்போடு அணைத்து, போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். யாரிடமிருந்து இந்த ஒளிதல்? நாலடி தள்ளி நிற்கிறவரின் மூக்கும் முழியும் தெரியாத ஒரு பொம்பளையிடமிருந்து. அந்த அம்மாவுக்கு வெயில் ஆகாது, பட்டால் தோல் தடித்துச் சிவந்துவிடும், ஏதோ வாயில் நுழையாத பேருள்ள வியாதி, கண்ணும் முக்கால்வாசி அதில்தான் போனதாம். அதனால்தான் முழுக்கை ரவிக்கை, விரல்வரை மறைக்கிற கையுறை, மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிய துணி, அந்தக் குடை. பக்கத்தில் போய் நின்றாலும் இவள் யாரென்று தெரியப்போவதில்லை. யாரென்று தெரிந்தாலும், என்ன செய்தாள் என்று தெரியாது. தெரியாது, தெரியாது என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் போனை முகத்திலிருந்து இறக்க முடியவில்லை.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? வசனம் எழுதினாள். அவள் பிழைப்பு அது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம், வடபழனியில் ஒரு மாடி ஸ்டுடியோ. ஜப்பான்காரன் வாயைத் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், அவன் மூடும்போது மூட வேண்டும், நடுவில் கொஞ்சம் அர்த்தமும் இருந்தால் புண்ணியம். இந்தத் தொடருக்குத் தமிழில் ‘சிக்னல் தாண்டாதே’ என்று பேர் வைத்ததும் அவள்தான். பெரிய நகரம், லிஃப்ட், சப்வே, ராத்திரி பகலாக எரியும் கடைகள், கையில் போனோடு திரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊருக்குள் ஒரு வதந்தி கிளம்பும், அந்த லிஃப்டில் தனியாக ஏறாதே, இந்த நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதே என்று, எபிசோடு முடிவதற்குள் வதந்தி உயிரோடு வந்து எதிரே நிற்கும். நல்ல தொடர்தான், சும்மா சொல்லக் கூடாது, எழுதும்போது அவளுக்கே முதுகு சில்லிட்டிருக்கிறது. அதில் ஒன்று, மழையே இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு சிக்னல் ஓரம் நிற்கிற பெண். போகிற பிள்ளைகளை நிறுத்தி என்னவோ கேட்பாள். பதில் சொன்ன பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வராது. தப்பிக்க வேண்டுமானால் அவர்கள் ஊர் விளையாட்டுப் பாட்டு ஒன்றைக் கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் பாட வேண்டும். அதைத் தமிழில் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்காரவில்லை. டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிற சிவநேசன் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாட்டெல்லாம் வேணாம் ஜெஸ்ஸி, பசங்க பாதியிலேயே சேனல மாத்திருவானுங்க. நம்ம தெருவுல நடக்குற மாதிரி எதுனா குடு.” நம்ம தெருவில் நடக்கிற மாதிரி. அவர் அவ்வளவுதான் சொன்னார். யாரையும் காட்டிக் கொடு என்று சொல்லவில்லை.

படத்தில் அந்தப் பெண் வாய் திறந்து, கொஞ்சம் இழுத்து, மூடி, மறுபடி திறந்தாள். ஜெசிந்தா அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், டீ ஆறிப்போயிற்று, அப்போதுதான் எங்கிருந்தோ வந்து விழுந்தது, கண்ணு, வர்ற பஸ் என்ன நம்பரு? அச்சாக உட்கார்ந்துவிட்டது. உதட்டுக்கு உதடு. எங்கிருந்தோ என்ன எங்கிருந்தோ, ஜமாலியா ஸ்டாப்பிலிருந்து. இல்லை, இதில் ஒரு நியாயம் இருக்கிறது, சென்னையில் பஸ் நம்பர் கேட்காத ஆள் உண்டா, கண் சரியில்லாதவர், எழுத்துத் தெரியாதவர், கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர், ஊரே கேட்கிறது, அந்த அம்மா ஒருத்திக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த கேள்வியா அது. இந்த நியாயத்தை அவள் கொஞ்ச நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போது, தலை வாரும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் ‘கண்ணு’ என்கிற இடத்தில் வந்து தடுக்கி விழுகிறது. ஊரில் யாரும் கண்ணு என்று ஆரம்பிப்பதில்லை. தம்பி, சார், ஹலோ, இந்தாப்பா என்பார்கள். அந்த அம்மா ஒருத்திதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்ணு என்று கூப்பிட்டு, கடைசியில் ‘நம்பரு’ என்று மெல்ல மேலே தூக்கி நிறுத்துவார். பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு ஓடிவந்து சொல்லும், நாப்பத்திரண்டு ஆன்ட்டி, இருபத்தொன்பது சி ஆன்ட்டி, உங்களுது வந்திருச்சு கையக் காட்டுங்க என்று. தன்னுடையது என்றால் அந்த அம்மா குடையோடு கையைத் தூக்குவார், பஸ் நிற்கும். முன்கூட்டித் தெரியாவிட்டால் வண்டி நிற்காமலே போய்விடும், நின்றாலும் பத்தடி தாண்டிப் போய் நிற்கும், அவர் கம்பியைத் தேடிப் போவதற்குள் கிளம்பிவிடும். இதையெல்லாம் ஜெசிந்தா இதே ஷட்டர் பக்கம் நின்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நம்மைக் கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்று போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு, காலையில் யாருக்குத்தான் பேசப் பிடிக்கிறது.

சரி, கேள்வியை எடுத்தாள், போகட்டும். மீதியை யார் எழுதச் சொன்னார்கள்? தப்பிக்க ஒரு வழி வேண்டுமே, தலைகீழ்ப் பாட்டுக்குப் பதிலாக ஒன்று. சரியான நம்பரைச் சொன்னால் குடைக்காரி உன் கையைப் பிடித்துக் கூடவே ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். தப்பான நம்பரைச் சொல்லு, அவள் அந்த பஸ்ஸில் ஏறித் தொலைந்துபோவாள், நீ தப்பித்தாய். இது ஜப்பான்காரன் மூளையில் உதித்ததில்லை, அவன் பாவம் பாட்டுத்தான் பாடச் சொன்னான். இது முழுக்க முழுக்க ஜெசிந்தாவின் சரக்கு. சிவநேசன் சார் மேஜையைத் தட்டினார், பலே ஜெஸ்ஸி என்றார். அதோடு விட்டாளா. குரல் கொடுக்க வந்த பெண் மைக் முன்னால் நின்று, எப்படிக்கா பேசணும், பேய் மாதிரி கரகரன்னா என்று கேட்டபோது, இவள் எழுந்து போனாள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. எழுந்து போய், தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை ரோட்டுப் பக்கம் கொடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, அந்த அம்மாவாகவே பேசிக் காட்டினாள். கண்ணூ... வர்ற பஸ் என்ன நம்பரூ... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் செய்தாள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி ஊற்றினாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், தன் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது, ஐயோ, அந்தச் சிரிப்பை மட்டும் யாராவது வெட்டி எடுத்துவிட்டால் மற்றதையெல்லாம் எப்படியாவது தாங்கிக்கொள்வாள் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய்விட்டு ஏதாவது சொல்லிவிட்டாளோ என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை.

குடைக்குப் பக்கத்தில் வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு நர்ஸம்மா வந்து நின்றிருந்தாள், ஷகிலா, இந்த ஸ்டாப்பில் தினமும் ஏறுகிறவள்தான். “என்னக்கா, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க” என்று அவள் கேட்பதும் அந்த அம்மா சிரிப்பதும் கேட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள் ஜெசிந்தா, காது அவள் பேச்சையா கேட்கிறது. “சீக்கிரம் வந்தாத்தானம்மா. முந்தா நேத்து என்ன ஆச்சு தெரியுமா, இருபத்தொம்போது சின்னு நெனச்சு நாப்பத்திரண்டுல ஏறிட்டேன். உள்ள கூட்டம், கண்டக்டர் கிட்ட வரதுக்குள்ள எங்கியோ போயிருச்சு. பாரீஸ்ல எறங்கி, அங்கேருந்து விசாரிச்சு விசாரிச்சு நுங்கம்பாக்கம் போயி, மத்தியானம் ஆயிருச்சு.” ஒரு எலும்பு டாக்டர் கிளினிக்கில் போன் எடுக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. “டாக்டர் ஒண்ணும் சொல்லல. அவரு சம்சாரந்தான் கூப்பிட்டு, லோகநாயகி, நாங்களும் பாத்துட்டே இருக்கோம், காலைல போன் அடிச்சுட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல, இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற புள்ளையப் போட்டுக்கறோம், தப்பா எடுத்துக்காதன்னாங்க. அவங்க மேல என்ன தப்பு.” ஷகிலா உச்சுக் கொட்டினாள். “ஒரு ஆட்டோவுல போயிறலாம்லக்கா, ஒரு ரெண்டு நாளைக்காவது?” “ஏறிட்டா எந்தப் பக்கம் போறான்னு எனக்கு எப்படிம்மா தெரியும். பஸ்ஸுன்னா ஸ்டாப்பிங் பேரு சொல்லுவாங்க, கூட நாலு பேரு இருப்பாங்க, திருப்பம் எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வேலையும் போச்சுன்னா அப்புறம் எங்க போறது, வீட்டுக்குள்ள செவுத்தப் பாத்து உக்காந்துக்க வேண்டியதுதான். செவுரும் தெரியாது எனக்கு.” சொல்லிவிட்டு அந்த அம்மாவே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தப் புள்ளைங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் தெரியல ஷகிலாம்மா. முன்னல்லாம் ஓடி ஓடி வந்து சொல்லும்ங்க. இப்ப கேட்டாலே கத்திட்டு ஓடுதுங்க, இல்லன்னா தப்புத் தப்பாச் சொல்லிட்டுச் சிரிக்குதுங்க. நேத்து ஒரு பெரிய ஆளே அப்படித்தான், போன்ல படம் புடிச்சுட்டே வேற நம்பரச் சொன்னாரு. நான் ஏதாவது அதுங்கள வைஞ்சுட்டேனா? எனக்கு ஞாபகம் இல்ல” என்றார்.

ஜெசிந்தாவுக்குக் காது மடல் இரண்டும் பற்றி எரிந்தது. போனில் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தாள், என்ன தள்ளுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. போன வாரம் ஜெரோம் இப்படித்தான் ஓடிவந்தான், அவள் மகன், நாலாங்கிளாஸ், அன்றைக்கு அப்பாவுக்கு அவசர வேலை என்று பஸ்ஸில் போய்வந்தவன், புத்தகப்பையைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்து, அம்மா அம்மா, நம்ம ஸ்டாப்புல நெஜமாவே குடைக்காரி இருக்கும்மா, என்னைய வர்ற பஸ் என்ன நம்பருன்னு கேட்டா, நான் நாப்பத்திரண்டுன்னு மாத்திச் சொல்லிட்டேன், ஏறிப் போயிட்டா, நான் தப்பிச்சுட்டேன். என்ன சந்தோஷம் அந்த முகத்தில். தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே கரண்டியை வைத்துவிட்டுப் பளாரென்று ஒன்று விட்டாள். பிள்ளை அழக்கூட இல்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, “நீதானம்மா அப்படிச் சொல்லணும்னு எழுதுன?” என்றான். அதற்கு என்ன பதில் சொன்னாள்? தோசை தீயுது, கை கழுவிட்டு வா என்றாள். இதுதான் அம்மா. கண் தெரியாதவங்கடா, பாவம்டா, நான் எழுதினது தப்புடா என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொன்னால் அவன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லுவான். அவன்தான் ஏற்கெனவே கிளாஸ் முழுக்க மார்தட்டியிருக்கிறானே, எங்கம்மாதான் சிக்னல் தாண்டாதே எழுதுறாங்க, குடைக்காரிய எங்கம்மாதான் செஞ்சாங்க என்று. செஞ்சாங்க. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள், மாமியாரை எதிர்த்துப் பேசினது, பூசைக்குப் பிந்திப் போனது, மகனைக் கோபத்தில் அடித்தது எல்லாம் வரிசையாக வந்தது. ஏன் அடிச்சம்மா என்று ஃபாதர் கேட்கவில்லை, கேட்டுவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டாள், கேட்காமல் மன்னித்துவிட்டார். மற்றது எந்தக் கட்டளைக்குக் கீழே வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திருடாதே என்பதா, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதா, இரண்டுமா. பிடிபடாததால் சொல்லவில்லை என்று அன்றைக்கு ராத்திரி தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். பிடிபட்டதால்தான் சொல்லவில்லை.

போன் கையிலேயே அதிர்ந்தது. சிவநேசன் சார், குரல் செய்தி. காதில் வைத்துக் கேட்டாள். “ஜெஸ்ஸி, கிளம்பிட்டியா? ரெண்டாவது சீசனுக்கு ஓகே ஆயிருச்சு. குடைக்காரி திரும்ப வரா. ஊரெல்லாம் அவ பேச்சுதான். இந்தத் தடவை மூணு நாலு கேள்வி புதுசா வேணும், அதே ஸ்லாங்ல. அன்னிக்குப் பண்ணிக் காட்டுனியே, அந்த மாதிரி.” குடைக்காரி வசனத்தைத் திருத்தச் சொல்லித்தான் போன வாரமே அவருக்குப் போன் போட்டாள். போட்டாள்தான், போடாமல் இல்லை. சார், அந்த வசனத்தை மாத்த முடியுமா, எங்க ஏரியாவுல ஒரு அம்மாவுக்குத் தொந்தரவா இருக்கு என்று ஆரம்பித்தாள். அவர், எந்த அம்மா என்றார். தெரிஞ்சவங்களா என்றார். இல்ல சார், தெரியாதவங்க என்றாள். தெரியாதவங்களுக்கு என்னம்மா, அந்த ஒரு டயலாக்தானே ஓடுது என்று அவர் சிரித்தார், இவளும் ஆமா சார் என்று சேர்ந்து சிரித்துவிட்டாள். இதுதான் அவள் போராடின லட்சணம். இப்போது புதுசாக மூணு நாலு கேள்வி. ஸ்டுடியோவுக்குத்தான் கிளம்பியிருக்கிறாள், இருபத்தொன்பது சியில் ஏறி ஜெமினியில் மாற வேண்டும். அந்த அம்மா ஏறுகிற அதே பஸ். சற்று முன்னால், அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே, திருப்பம் எல்லாம் எனக்கு மனப்பாடம் என்றாரே, அதைக் கேட்டதும் இவள் மூளையின் ஒரு மூலையில் கறுப்பாக ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது, கண்ணு, அடுத்த திருப்பம் சோத்தாங்கையா பீச்சாங்கையா, நல்லா இருக்கே என்று. ஐயோ மாதாவே. தூ. தன்னைத் தானே துப்பிக்கொள்ள முடியுமானால் துப்பியிருப்பாள். இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது, பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன மூளை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கும்பலாக வந்து சேர்ந்தன, கழுத்தில் அட்டை, முதுகில் மூட்டை. வந்ததும் குடையைப் பார்த்துவிட்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒதுங்கின. அதில் ஒருத்தி, ரெட்டைச் சடை, ஜெரோமின் கிளாஸ்தான், பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டவள், ஜெசிந்தாவைக் கண்டுவிட்டாள். செத்தோம் என்று நினைத்தாள் ஜெசிந்தா. இப்போது வாயைத் திறப்பாள், ஆன்ட்டி நீங்கதானே குடைக்காரி எழுதுனீங்க என்று ரோட்டுக்கே கேட்கக் கத்துவாள், அந்த அம்மாவின் தலை இந்தப் பக்கம் திரும்பும். அந்தப் பெண் கத்தவில்லை. கண்ணால் குடையைக் காட்டி, இரண்டு கட்டை விரலையும் உயர்த்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சூப்பர் ஆன்ட்டி என்று அர்த்தம். ஜெசிந்தா என்ன செய்திருக்க வேண்டும்? முறைத்திருக்கலாம், தலையையாவது ஆட்டியிருக்கலாம். சிரித்தாள். பழக்கதோஷம், உதடு தானாக விரிந்துவிட்டது. அந்த நேரம் ஷகிலாவின் பஸ் வந்துவிட்டது, அவள் ஓடிக்கொண்டே திரும்பி, “டேய் பசங்களா, அக்காவுக்கு ஒழுங்கா நம்பரச் சொல்லி ஏத்தி விடுங்கடா, புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். பிள்ளைகள் சரி ஆன்ட்டி என்று கோரஸாகச் சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைப் பொத்திச் சிரித்தன. அந்த அம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஸ்டுடியோவில் இவள் சாய்த்துக் காட்டினாளே, அதே சாய்வு, ஆனால் அதே சாய்வு இல்லை, இவள் காட்டினதில் கழுத்தில் புடைத்த நரம்பு இல்லை, அந்தத் தவிப்பு இல்லை, ஒரு சத்தத்தைக்கூட நழுவவிடக் கூடாது என்று உடம்பே காதாக நிற்கிற பாடு இல்லை. இவள் மேலே இருந்த தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போய்ச் சொல்லிவிடலாம். அக்கா, நான் பக்கத்திலேயே நிக்கிறேன், நானும் அதே பஸ்தான், நான் சொல்றேன் என்று. அவ்வளவு போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள். ஷட்டரிலிருந்து முதுகை எடுத்தாள். மறுபடி ஒட்டிக்கொண்டாள். மறுபடி எடுத்தாள்.

வளைவில் பஸ் திரும்பிற்று. நெற்றியில் எழுத்து மஞ்சளாக ஓடியது, இருபத்தொன்பது சி. இஞ்சின் சத்தம் கேட்டதும் அந்த அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். திரும்பிக் கொஞ்சம் தயங்கினார், ஜெசிந்தா அந்தத் தயக்கத்தைப் பார்த்தாள், பிள்ளைகளிடம் கேட்கப் பயந்து நிற்கிற ஒரு பெரிய மனுஷியை. பிறகு வேறு வழியில்லாமல், “கண்ணு, வர்ற பஸ் என்ன நம்பரு?” என்றார். பிள்ளைகள் கிறீச்சென்று கத்திக்கொண்டு பின்னால் தாவின. ரெட்டைச் சடை மட்டும் தைரியமாக ஒரு அடி முன்னால் வந்து, ஜெசிந்தாவை ஒரு தடவை பெருமையோடு பார்த்துவிட்டு, “நாப்பத்திரண்டு ஆன்ட்டி!” என்றாள். “இல்ல” என்றாள் ஜெசிந்தா. சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினாள், ஓடிவந்தாள், “இல்லக்கா, இருபத்தொம்போது... இருபத்தொம்போது சி, உங்களுதுதான், உங்க பஸ்ஸுதான்” என்றாள். பொய்யை அத்தனை அழகாகப் பேசிக் காட்டினவளுக்கு உண்மை திக்கிற்று, குரல் நடுங்கி, பாதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது. பொய் சொல்லுகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். அந்த அம்மாவின் முகம் இவள் பக்கமும் பிள்ளைகள் பக்கமுமாக மாறி மாறித் திரும்பியது. “யாரும்மா நீ?” என்றார். யார் என்று சொல்வது. “நானும்... நானும் அதுலதான் போறேங்க்கா, வாங்க” என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தினாள், பஸ் நின்றது, பத்தடி தள்ளித்தான், இவள் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “தொடாதீங்க!” அந்த அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார், குடை சரிந்தது, “எனக்குத் தெரியும், என்னைய விடுங்க, எத்தன பேரும்மா இப்படிக் கிளம்பியிருக்கீங்க!” பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டன. பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா படிக்கும் குடைக்கும் நடுவில் நின்றாள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார், யாரும் ஏறவில்லை, கிளம்பிவிட்டார். நகர்கிற படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் அடுத்த ஸ்டாப்புக்காக இங்கிருந்தே குரல் கொடுத்தார், “டவுட்டன், நுங்கம்பாக்கம், ஜெமினி, அடையாறு! உள்ள போ, உள்ள போ!”

அந்த அம்மா அப்படியே நின்றார். பஸ் போன பக்கம் முகம் திரும்பியிருந்தது, சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அசையவில்லை. மூக்குவரை கட்டின துணிக்கு மேலே அந்த அரைகுறைக் கண் இரண்டும் என்னத்தைப் பார்த்ததோ. ஜெசிந்தா சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். இதோ, இப்போது, இதைவிட வேறு நேரம் வராது, அக்கா, பிள்ளைங்க மேல தப்பில்ல, என் மேலதான், நான்தான் அதுங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வார்த்தையெல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அந்த அம்மா கையை நீட்டி, காற்றில் துழாவி, இவள் தோளைக் கண்டுபிடித்துத் தொட்டார். “மன்னிச்சுக்கம்மா” என்றார். “கண்டக்டர் நுங்கம்பாக்கம்னு கத்துனாரே, நீ நெசமாத்தான் சொல்லியிருக்க. நான்தான் நம்பாம நாலு பேரு முன்னாடி உன்னையப் போயி... வேலை போற பயத்துல மனுஷங்களையே அடையாளம் தெரியாமப் போச்சு எனக்கு. உன் பஸ்ஸையும் சேத்து விட வச்சுட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத.”

ஜெசிந்தா திறந்த வாயை மூடினாள்.

“பரவால்லக்கா” என்றாள்.